சாய்தளத்தில் பன்னிரண்டு தொட்டிகள்

மனித இனம் நிமிர்ந்து நிற்கக் கற்ற பிறகு கண்ட பெரும் முன்னேற்றம், படத்தில் சரியான இடத்தில் நிற்கக் கற்றதுதான். எங்கள் அலுவலகத்தில் அந்த முன்னேற்றத்துக்கு நானே பொறுப்பு. அலுவலகத்தின் சமூக ஊடகப் பக்கத்துக்குப் படமெடுக்கிறேன்.

பதிவறை எழுத்தர் சக்கர நாற்காலியில் வருபவர். ஒன்பது ஆண்டுகளாக வாசற்படிகள் ஐந்தையும் நாலு பேர் கைகளில் கடந்தார். தன் இருக்கைக்குத் தானே போக வேண்டும் என்று மனுமேல் மனு போட்டார். மனுக்களின் எடை தாங்காத அலுவலகம், படிகளுக்கு இடப்புறம் ஒரு சாய்தளம் கட்டியது.

திறப்பு நாளன்று காமிரா வழியாகப் பார்த்துத் திடுக்கிட்டேன். வலப்பக்கம் பூச்செடிகள், இடப்பக்கம் வெறும் சிமெண்ட். படம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்தளத்தின் மீது பன்னிரண்டு பூந்தொட்டிகளை வரிசையாக ஏற்றினேன். சமநிலை திரும்பியது. மேலதிகாரி மனமுருகிப் பாராட்டினார்.

எழுத்தர் மட்டும் கேட்டார்: "சார், நான் எது வழியா ஏறுறது?"

ஓரத்தில் ஏறினால் ஓரத்தில்தான் தெரிவார், விழா நாயகி நடுவில் இருக்க வேண்டும் என்று 'கலைநோக்கில்' விளக்கினேன்.

"அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கங்கம்மா. படத்துக்கு மட்டும்தான்," என்றார் மேலதிகாரி.

இந்தப் பக்கம் இருவர், அந்தப் பக்கம் இருவர், ஒரே உயரம். நாற்காலியோடு தூக்கி, படிகளின் நடுவில் நிறுத்தினார்கள். தலைப்பு: 'இனி யார் தயவும் வேண்டாம்.' நாலாயிரம் லைக். தொட்டிகள் எங்கே கிடைக்கும் என்று எண்பது பேர் கேட்டிருந்தார்கள். ஆகவே தொட்டிகள் அங்கேயே 'நிரந்தரமாக்கப்பட்டன'. நாலு பேரும்தான்.

மூன்று வாரம் கழித்து, ஒரு காலை, எழுத்தர் படிக்கருகே இருந்தபடி தன் கைபேசியை என்னிடம் நீட்டினார்.

"சார், படம் சாயாம எடுக்கறது எப்படின்னு எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்."

கலையார்வம் கண்டு நெகிழ்ந்தேன். நானே எடுத்தும் கொடுத்தேன். ஒரு பக்கம் கீழே அவர். மறுபக்கம் மேலேறும் தொட்டிகள்.

தன் பக்கத்தில் அதை ஏற்றி அவர் போட்ட தலைப்பு: 'எனக்கு முன்னாடி ஏறிட்டவங்க.'

மாலைக்குள் ஊரே பார்த்துவிட்டது. மறுநாள் விடிந்ததும் மேலதிகாரி தன் கையாலேயே தொட்டிகளை இறக்கத் தொடங்கினார். எழுத்தர் தானே சக்கரத்தை உருட்டி மேலே போனார். அதை யாரும் படமெடுக்கவில்லை. என் இரு கைகளிலும் தொட்டி இருந்தது.

இன்று என்னிடம் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்திருக்கிறது. அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். ஒரு குறையும் இல்லை. எல்லோரும் நாங்கள் வைத்த இடத்தில் இருக்கிறார்கள்: தொட்டிகள் மேலே, எழுத்தர் கீழே, வைத்தவர்கள் படத்துக்கு வெளியே.