தையல் மிஷின் அண்ணாச்சியின் தூக்கம்

“...மாத்திரை அளவு சரியாகிற வரைக்கும் வண்டியத் தொடக்கூடாதாம்லே. அந்த டாக்டரு என்னைக்கு வேன் ஓட்டுனாரு?” என்று காலையில் வந்து நின்றதும் என்னிடம் கேட்டார் தையல் மிஷின் அண்ணாச்சி.

தன் பேச்சைத் தவிர வேறெதையும் காதில் வாங்காத மனிதர் என்று விருதுநகர் ஜில்லாவில் ஒரு பட்டம் கொடுத்தால், போட்டியே இல்லாமல் அவருக்குத்தான் போகும். காரியாபட்டிப் பக்கத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு எம். புதுப்பட்டி பட்டாசுக் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவர். அங்கே கணக்குப் பார்க்கிற எனக்கு அவர் பக்கத்து சீட்டு.

பொழுது சாய்ந்து ஓரிடத்தில் உட்கார்ந்தால், கெண்டைக்காலுக்குள் எறும்பு ஊருமாம். தையல் மிஷின் மிதிப்பது போலக் கால் தானாக ஆடும்; பட்டப்பெயர் வந்தது அப்படித்தான். டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்ததும் மற்றவர்கள் கிளாஸைக் கையில் தூக்கிக்கொள்வார்கள். படுத்தால் இன்னும் மோசம். அவர் சம்சாரம் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போய்ப் பல வருஷமாகிறது. இதற்கு அவர் கண்டுபிடித்த வைத்தியம், காலில் துண்டை இறுக்கிக் கட்டுவது. கால் நிற்கவில்லை, துண்டு கிழிந்தது.

கடைசியில் டாக்டர் ஒரு சின்ன மாத்திரை கொடுத்தார். கால் அடங்கியது, மனிதர் தூங்கினார். அதோடு விட்டாரா? தூக்கத்தையே தான்தான் கண்டுபிடித்தது போலப் பேச ஆரம்பித்தார். விடியுமுன்னே சோறு பொங்கிவிட்டு வேனில் கண்ணயரும் பெண்களைப் பார்த்து, இதெல்லாம் ஒரு தூக்கமா என்று கேலி பேசுவார்.

தீபாவளி சீசன் வந்தது. ஆர்டர் இரண்டு மடங்கானால் ஆளையும் லோடையும் இரண்டு மடங்காக்குவது எங்கள் ஊர் வழக்கம். இவர் மாத்திரையையும் இரண்டு மடங்காக்கினார், டாக்டரைக் கேட்காமலே. மாத்திரை மிஞ்சியதில், முன்பு ராத்திரி வந்துகொண்டிருந்த கால் ஆட்டம் மத்தியானமே வர ஆரம்பித்தது. ராத்திரி வரவேண்டிய தூக்கமோ காலையில் ஸ்டியரிங்கில் வந்தது.

ஒருநாள் ரயில்வே கேட்டில் நின்றோம். ரயில் போனது, கேட் திறந்தது, வேன் நகரவில்லை. பின்னால் ஹாரன் அலறியது. கடைசி சீட்டு முத்துமாரி முன்னால் வந்து அவர் தோளைத் தட்டினாள். விழித்தவர், என்சின் சத்தத்தைக் கவனித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்.

“என்சின ஆஃப் பண்ணி எம்புட்டு நேரமாச்சு அண்ணாச்சி. நின்ன வண்டியில தூங்கினீக, சரி. ஓடுற வண்டியில தூங்கினா எங்க பிள்ளைகளுக்கு யாரு சோறு போடுவா?”

சாவியைத் திருகியவர், அவள் பேச்சைக் காதில் வாங்கினார். எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. முத்துமாரி முன்னாலேயே உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தபடி வர, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தோம். அன்று சாயங்காலமே அவர் டாக்டரிடம் போனார். டாக்டர் மாத்திரையைக் குறைத்தார்.

மறுநாள் காலைதான் அந்த டாக்டரை அப்படி ஏசிக்கொண்டு வந்து நின்றார். ஏசி முடித்ததும், பிரேக்குக்கும் ஹாரனுக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று அதுவரை தூற்றிவந்த இன்னொரு டிரைவரைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார். பெண்கள் தூங்குவார்கள், பள்ளத்தில் மெல்ல இறக்கு என்றார். பிறகு கடைசி சீட்டுக்குப் போய், முத்துமாரியின் தூக்குச்சட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். மாத்திரை குறைந்த கால் சும்மா இருக்குமா? கண்ணயர்ந்துவிட்ட அவள் சட்டி மூடி கடகடக்கும் சத்தத்தில் விழித்துவிடாமலிருக்க, கம்பெனி வரும்வரை அதை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருந்தார்.