எதிர்க்கட்டில் டிரைவர் மீது, அவர் கையாலேயே எழுதிய புகார்

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. இங்கே என் இடது பக்கம் நலம். வலது பக்கத்திலிருந்து இன்னும் தகவல் இல்லை. தாங்களும் என் மகளும் பேரப்பிள்ளைகளும் இரண்டு பக்கமும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மாமா எழுதுவது என்று சொன்னேனே தவிர, எழுதுவது நான் அல்ல. பக்கவாதத்தில் வலது கை விழுந்துபோனதால், நான் சொல்லச் சொல்ல எதிர்க்கட்டிலில் இருக்கும் டிரைவர் எழுதுகிறார். இது அவர் மீதான புகார். அதை முதலிலேயே அவரிடம் சொல்லிவிட்டேன். "அதுக்கென்ன சார், மெதுவா சொல்லுங்க, எழுதுறேன்" என்றார். அடைப்புக்குறிக்குள் வருபவை அவராகச் சேர்ப்பவை. தடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. (உண்மைய எழுதணும்ல.)

வரும் வெள்ளிக்கிழமை இந்த இல்லத்தின் நிர்வாகக் குழு கூடி, பயிற்சி செய்ய மறுக்கும் டிரைவரைக் கட்டிலைக் காலி செய்யச் சொல்லலாமா என்று முடிவெடுக்கப் போகிறது. குழு உறுப்பினர் என்ற முறையில் தாங்கள் என் கருத்தைக் கேட்டிருந்தீர்கள். ஆலையின் டைம் ஆபீஸில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்து, ஒரு நிமிடம் பிந்தி வந்தவனுக்கும் சிவப்பு மையால் குறித்தவன் நான். என் கருத்தில் தயவு தாட்சண்யம் இருக்காது.

பக்கவாதம் வந்து இங்கே சேர்ந்த எல்லாரும் காலையில் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகுகிறோம், இவர் மட்டும் ஐந்து மாதமாகப் படுத்தே கிடக்கிறார். பயிற்சி கொடுக்கும் அம்மா ஒரு கைத்தடி கொடுத்தார், அதை வைத்துப் படுத்தபடியே மின்விசிறி சுவிட்சைத் தட்டக் கற்றுக்கொண்டார். சக்கர நாற்காலி கொண்டுவந்தார்கள், அதில் ஏறி உட்கார்ந்து, தள்ளுகிறவரிடம் "லெஃப்ட்ல ஒடிங்க, பின்னாடி ஆள் வருது" என்று உத்தரவு போட்டதில் அவர் குழம்பிப்போய் மருந்து அலமாரியில் மோதி, இருமல் மருந்து பூராவும் தரையில் ஓடி, அதில் சமையல்காரர் வழுக்கி விழுந்து, எங்களுக்கு அன்று மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு வந்தது. (ரெண்டே முக்கால்.) இவருக்கு வெட்கம் வரட்டும் என்று நானே ஒரு நாள் கம்பியைப் பிடிக்காமல் நடந்து காட்டினேன். நான்காவது அடியில் விழுந்தேன். அறையில் வேறு யாரும் இல்லை. அப்போது இந்த மனிதர் கட்டிலை விட்டு இறங்கி, என்னிடம் நடந்து வந்து, தூக்கி உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டு, திரும்ப நடந்து போய்ப் படுத்துக்கொண்டார். பயிற்சி அம்மா ஓடி வந்து, என்னைத் தூக்கியது இவர்தான் என்று தெரிந்து, எப்படி இறங்கினீர்கள் என்று கேட்டதற்கு, "உருண்டு வந்தேன்மா" என்கிறார். (சார் நல்ல கனம். அதையும் சேர்த்துட்டேன்.)

ஆக, அவரால் முடியும், மாட்டேன் என்கிறார். ஏன்யா இப்படி என்று கேட்டேன். "நடந்தா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க சார். வீட்ல ஒரு கட்டில் கெடக்கு. அதுக்கு எதிர்ல கட்டில் இல்ல" என்றார். இதெல்லாம் ஒரு காரணமா, மாப்பிள்ளை? முடியாதவரைத் தாங்குவது நம் கடமை. முடிந்தும் மாட்டேன் என்று படுத்துக்கிடப்பவரையும் நாலு பேர் சேர்ந்து சுமக்க வேண்டும் என்றால், எழுந்து நடக்கிறவன் என்ன இளிச்சவாயனா? இங்கே ஒரு கட்டிலுக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் பன்னிரண்டு பேர் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் எழுந்து நடக்க ஆசை இருக்காதா? நாம் பாவம் பார்க்கப் பார்க்க இவர் இன்னும் வசதியாகப் படுத்துக்கொள்வார். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அவரை அனுப்பிவிடுவதே நியாயம் என்பது என் தீர்மானமான கருத்து. (எழுதிட்டேன் சார். தீர்மானத்துக்குக் கீழ கோடு போடவா?) வேண்டாம் என்றேன்.

தாங்களும் குடும்பத்தாரும் ஒரு தும்மல்கூட இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். மகளிடம் நான் நேரத்துக்குச் சாப்பிடுவதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் மாமா
(கையெழுத்துக்குப் பதில் இடது பெருவிரல் ரேகை. மை கொஞ்சம் அதிகமாயிடுச்சு.)

பி.கு.: டிரைவரைக் குளிக்கக் கூட்டிப்போயிருக்கிறார்கள். இது என் இடது கை எழுத்து, கோணல்மாணலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதமாகவே இப்படி எழுத வருகிறது. யாரிடமும் சொல்லவில்லை. நாள் முழுக்கப் படுத்துக்கிடக்கிற மனுஷன், எனக்குக் கடிதம் எழுத மட்டும்தான் எழுந்து உட்காருகிறார். முகம் கழுவி, தலை சீவி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இன்னைக்கு யாருக்கு சார்?" என்று கேட்கிறார். ஆள் கிடைக்காமல், செத்துப்போன என் பழைய மேலதிகாரிக்குக்கூட இரண்டு கடிதம் சொல்லியிருக்கிறேன். மேலே சொன்ன நியாயம் எல்லாம் நியாயம்தான், ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம். ஆனால் அவரை அனுப்ப வேண்டாம், மாப்பிள்ளை. கட்டில் ஒன்று காலியாகியே தீர வேண்டும் என்றால் என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் போக உங்கள் வீடு இருக்கிறது, மகள் இருக்கிறாள். என் கட்டிலுக்கு மட்டும், எழுத வராத, சொந்தக்காரர்கள் நிறைய இருக்கிற ஆளாகப் பார்த்துப் போடச் சொல்லுங்கள்.