நல்ல நாளுக்கென்று எடுத்துவைத்த நான்கு தந்திகள்

வெற்றிகளிலிருந்தே தொடங்குவோம். ஒவ்வொரு கோடையிலும் வியர்த்து ஒட்டிக்கொண்ட விருந்தாளிகள் பாதித் தோலை விட்டுவிட்டு எழுந்து போனபோதும், சோபாவின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றவிடாமல் காத்தது. எந்தப் பொத்தான் எதற்கு என்று யாருக்கும் தெரியாத அளவுக்கு உறை மங்கிய பின்னும் டிவி ரிமோட்டைப் புத்தம் புதிதாக வைத்திருந்தது. டிவி போய்விட்டது, ரிமோட் இருக்கிறது. ஆறு கண்ணாடி டம்ளர் உள்ள பெட்டியில் ஒன்றின் விளிம்பிலும் மனித உதடு படாமல் பார்த்துக்கொண்டது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போய், அம்மா இல்லாத வீட்டில் தங்கையைக் கல்லூரி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. இத்தனையும் ஒரே ஆளின் சாதனை. அவளை நாம் அக்கா என்றே அழைப்போம்.

இனத்தின் பெயர் பொத்திவைப்போர். இவர்களைக் கஞ்சர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், பாவம். கஞ்சன் வாங்கவே மாட்டான். பொத்திவைப்பவரோ நாலு கடை ஏறி இறங்கி, விற்பவரின் பொறுமையை நூலாக நூற்று, இருப்பதிலேயே நல்லதாகப் பார்த்து வாங்குவார்; வாங்கியதைத் துடைத்து, காகிதம் சுற்றி, காகிதம் அழுக்காகாமல் இருக்க அதன்மேல் துணி சுற்றி, அலமாரியின் மேல்தட்டில் போர்வைகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, "நல்ல நாள் வரட்டும், எடுத்துக்கலாம்" என்பார். அந்த நாள் எப்போது வரும்? கேட்டவர்கள் உண்டு. பதில் பெற்றவர்கள் இல்லை.

அக்காவுக்கு வேலை கண்ணாடிச் சாமான் தொழிற்சாலையில், பேக்கிங் பிரிவில். ஒரு முறை அவள் கட்டிய பெட்டி லாரியிலிருந்து உருண்டு விழுந்தும் உள்ளே ஒரு குவளையில்கூடக் கீறல் விழவில்லை. மேனேஜர் அதை எல்லாருக்கும் முன்னால் சொல்லிப் பாராட்டினார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து அக்காவுக்கு உலகமே ஒரு கண்ணாடிக் குவளையாகிவிட்டது.

தங்கை பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். மேசைக்குப் பின்னால் சுவர். சுவருக்கு அப்பால் ஒரு இசைப்பள்ளி. இந்தப் பக்கம் கடைவாய்ப் பல் பிடுங்கப்படுகிறவர்களின் ஓலம், அந்தப் பக்கம் செல்லோ. எது இனிமை என்று முடிவுகட்டத் தங்கைக்குச் சில வருடங்கள் ஆயின. முடிவுகட்டியதும் செல்லோ வகுப்பில் சேர்ந்துவிட்டாள். செல்லோ என்றால் வயலினுக்குப் பெரியப்பா முறை: ஏறக்குறைய ஆள் உயரம், கனத்த குரல், நாற்காலியில் உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தித்தான் வாசிக்க முடியும்.

அக்கா தொழிற்சாலையில் சொல்லாத ஆளில்லை. "எங்க வீட்டுப் பொண்ணு செல்லோ வாசிக்கிறா. சாதாரண விஷயமா?" சொல்லிவிட்டுச் சும்மா இருப்பாளா? செல்லோவை வாங்கிய கையோடு, அதற்கு வேண்டிய துணைச்சாமான்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பையும் எடுத்துக்கொண்டாள்.

செல்லோவில் ஏற்கெனவே சாதாத் தந்திகள் நான்கு இருந்தன. அக்காவுக்கு அவை பிடிக்கவில்லை.

"எந்தத் தந்தி ரொம்ப நாள் உழைக்கும்?" என்று கடைக்காரரைக் கேட்டாள்.

"வாசிக்கிறதப் பொறுத்தும்மா. தினம் வாசிச்சா ஒரு வருஷம் வரும்."

"வாசிக்காம இருந்தா?"

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "வாசிக்காம இருந்தா எல்லாமே நல்லா உழைக்கும்மா."

"அப்ப நல்லதாவே குடுங்க."

வில்லின் மயிருக்குத் தேய்க்கும் ரோசின் என்னும் பிசின் கட்டிகளை ஒவ்வொன்றாக விளக்கொளியில் பிடித்துப் பார்த்து, உள்ளே குமிழ் இல்லாத ஒன்றை எடுத்தாள். செல்லோவின் கால்கம்பி தரையில் வழுக்காமல் இருக்க ரப்பர் வட்டு ஒன்று. தூசி துடைக்க மென்துணி. அந்தத் துணியைப் போட்டுவைக்க ஒரு பை.

"துணிக்கு எதுக்குக்கா பை?"

"துணியில தூசி படாதா?"

தூசி துடைக்கும் துணியில் தூசி படக்கூடாது. இதில் குறை காண்கிறவர்கள் இந்த இனத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். மேற்கொண்டு நிம்மதியாகப் படிக்கலாம்.

நல்ல தந்திகள் நேரே அலமாரியின் மேல்தட்டுக்குப் போயின. ரப்பர் வட்டில் கீறல் விழுந்துவிடக்கூடாதே என்று அதன் அடியில் ஒரு காலுறை. ரோசின் கட்டிதான் தகராறு. புது வில்லில் ரோசின் தேய்க்காவிட்டால் அது தந்தியின்மேல் எண்ணெயில் கால் வைத்தவனைப் போல வழுக்கிக்கொண்டு போகும், சத்தம் வராது.

"தேய்ச்சாதான்கா சத்தம் வரும்."

"தேய்ச்சா தேஞ்சிடும்ல?"

தங்கை ஒரு வாரம் சத்தமில்லாமல் வாசித்தாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, "எவ்வளவு அடக்கமா வாசிக்கிற நீ" என்று மெச்சினாள். பிறகு தங்கை வகுப்பிலிருந்து யாரோ தேய்த்துத் தீர்த்த ரோசின் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். அக்காவுக்கு நிம்மதி. புதுக் கட்டி புதுசாகவே இருந்தது.

இப்படியே ஆறேழு மாதம் ஓடியது. வகுப்பு டீச்சர் ஒரு நாள் சொன்னார்: சேர்ந்து வாசிக்கும் குழுவில் ஒரே ஒரு செல்லோ நாற்காலி காலியாக இருக்கிறது, தங்கையோடு சேர்த்து மூன்று பேர் கேட்கிறார்கள், சனிக்கிழமை பதினொரு மணிக்கு மூவரும் சொந்த வாத்தியத்தில் வாசித்துக் காட்ட வேண்டும், அடுத்த நாற்காலி எப்போது காலியாகும் என்று சொல்ல முடியாது. தங்கை அன்று இரவு சாப்பாட்டில் கையை வைத்தபடி விட்டத்தைப் பார்த்து, "அது எனக்கு வேணும்க்கா" என்றாள். முப்பத்தைந்து வயதில் அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அந்த நாற்காலி.

வெள்ளிக்கிழமை அக்காவுக்கு விடுமுறை. தங்கை வேலைக்குப் போயிருந்தாள். நாளைக்கு நாலு பேர் பார்க்கப்போகிற வாத்தியம் ஆயிற்றே என்று அக்கா துடைக்க உட்கார்ந்தாள். மேலே துடைத்தாள், பக்கம் துடைத்தாள். தந்திகளுக்கு அடியில் வெள்ளையாக ரோசின் தூள் படிந்திருந்தது. விரல் போகவில்லை. ஒரு சாமானைச் சுத்தம் செய்ய வேண்டுமென்றால் கழற்றாமல் எப்படி? நான்கு தந்திகளையும் தளர்த்திக் கழற்றினாள். தந்திக்கும் கொஞ்சம் ஓய்வு வேண்டாமா?

தந்திகளைத் தாங்கிக்கொண்டிருந்த குதிரை என்னும் மரத்துண்டு சாய்ந்து விழுந்தது. அதே நேரம் செல்லோவின் வயிற்றுக்குள் எதுவோ "டொக்" என்றது. அக்கா தூக்கிக் குலுக்கிப் பார்த்தாள். உருண்டது. செய்தவன் உள்ளே குப்பையை விட்டுவிட்டானா! இவ்வளவு நாளாக இதைச் சுமந்துகொண்டா வாசித்தாள் குழந்தை! பக்கவாட்டுத் துளை வழியாகக் கம்பியை விட்டு, வியர்க்க விறுவிறுக்க, விரல் நீளக் குச்சி ஒன்றை வெளியே எடுத்தாள். வெற்றிப் பட்டியலில் இதையும் சேர்த்திருப்பேன்; தங்கை அதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"என்னக்கா பண்ணி வச்சிருக்க?"

"சுத்தம் பண்ணேன்டி. உள்ள ஒரே குப்பை."

தங்கை கத்தியிருந்தால் அக்காவும் பதிலுக்குக் கத்தியிருப்பாள், விஷயம் முடிந்திருக்கும். அவள் செல்லோவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "நாளைக்குப் பதினோரு மணிக்குக்கா" என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை, தந்தி வாங்கிய அதே கடை திறக்கும் முன்பே வாசலில் இருவரும் நின்றார்கள். பின்கட்டில் பழுது பார்ப்பவர் செல்லோவை மேசைமேல் கிடத்தி, துளைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நாலு தந்தியையும் ஒண்ணா கழட்டினது யாரு?"

"தூசி" என்றாள் அக்கா.

"உள்ள ஒரு குச்சி நிக்கும்மா. தந்தி இழுத்துப் பிடிக்கிற பலத்துலதான் அது நிக்கும். மொத்தமா கழட்டினா விழுந்துடும். அது இல்லைன்னா இது வெறும் மரப்பெட்டி. குச்சி எங்க? புதுசா செதுக்கணும்னா ரெண்டு நாளாகும்."

தங்கை மணியைப் பார்த்தாள். அக்கா கைப்பையைத் திறந்தாள். ஒரு துணி; துணிக்குள் காகிதம்; காகிதத்துக்குள் பஞ்சு; பஞ்சுக்குள் குச்சி. காகிதத்தின்மேல் அவள் கையெழுத்தில், "செல்லோவுக்குள் இருந்த குப்பை" என்று எழுதியிருந்தது.

"குப்பைய யாராவது இப்படிச் சுத்தி வைப்பாங்களா?" என்றார் பழுது பார்ப்பவர்.

"தூக்கிப்போட மனசு வரல."

"நல்லதாப் போச்சு" என்று குச்சியை வாங்கிக்கொண்டார் அவர். வளைந்த கம்பியால் துளை வழியாக அதை உள்ளே நிறுத்தினார். பிறகு தந்திகளைக் கேட்டார். அக்கா அவற்றைத் தொழிற்சாலை வழக்கப்படி விரலில் இறுக்கிச் சுற்றி, நாலாக மடித்து, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தாள். பிரித்துப் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார். "மடிஞ்சிடுச்சு. நாலுமே போச்சு. கடையில சாதா செட்டு ஒண்ணு இருக்கு, போட்டுடவா?"

"அதையே போட்டுடுங்க அண்ணே" என்றாள் தங்கை.

நல்ல தந்திகள் அக்காவின் கைப்பையில்தான் இருந்தன. ஆளில்லாத வீட்டில் அவற்றைத் தனியாக விட்டுவர முடியுமா? தங்கைக்கும் அது தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அக்காவுக்கு மறுக்கச் சௌகரியமாக இருந்திருக்கும். சின்ன வயதிலும் தங்கை இப்படித்தான். புதுச் செருப்பு பெட்டிக்குள் இருக்க, தைத்த செருப்போடு பள்ளிக்கூடம் போவாள். நல்ல நாள் பார்த்து அக்கா பெட்டியைத் திறந்தபோது கால் வளர்ந்துவிட்டது. அந்தச் செருப்பு இன்னும் புத்தம் புதிதாக இருக்கிறது.

"இருங்க" என்றாள் அக்கா.

பொட்டலத்தை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தாள். பொட்டலத்தின் வாயில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் மெல்ல நெம்பினாள். பழுது பார்ப்பவர் கத்தரிக்கோலை நீட்டினார். வேண்டாம் என்று தலையாட்டினாள். ஒரு மூலை எழுந்தது. அடுத்த மூலை எழவில்லை.

"அக்கா, மணி பத்தே கால்."

"இரு, வந்துட்டு இருக்கு."

"அக்கா, கிழிச்சிடேன்."

"கிழிக்கிறதா?"

தன் வாழ்நாளில் ஒரு பொட்டலத்தையும் கிழித்திராதவள் ஒரு முறை தங்கையைப் பார்த்தாள், கண்ணை இறுக மூடிக்கொண்டாள், சர்ரென்று கிழித்தாள். பழுது பார்ப்பவர் ஒரு அடி பின்வாங்கினார். பொட்டலம் இரண்டாகி, நல்ல தந்திகள் நான்கும் மேசைமேல் சுருண்டு விழுந்து பளபளத்தன. "இந்தாங்க" என்று நீட்டிய கையோடு, அந்தத் துணிச்சல் போகுமுன் பையிலிருந்து புது ரோசின் கட்டியையும் எடுத்து, "இதையும் தேய்ச்சிடுங்க, நல்லா தேய்ங்க" என்றாள். ஒரு வேகம்தான்.

பதினொன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது வகுப்புக்குள் நுழைந்தார்கள். தங்கைக்கு முன்னால் வாசித்தவர் ஓய்வுபெற்ற வங்கிக் காவலாளி. பாட்டு தப்பும்போதெல்லாம் எழுந்து நின்றார். அடுத்தவள் நன்றாக வாசித்தாள், ஆனால் பாதியில் தப்பியதும் முதலிலிருந்து தொடங்கினாள், திரும்பத் தப்பியதும் திரும்பத் தொடங்கினாள். தங்கையும் மூன்றாவது வரியில் தப்பினாள். புதுத் தந்தியின் சுருதி வேறு இறங்கிக்கொண்டே வந்தது. அவள் நிற்காமல் அடுத்த வரிக்குப் போனாள். அறை முழுக்க அந்தக் கனத்த குரல் நிறைந்தது. அக்கா உட்கார்ந்திருந்த நாற்காலியின் இரும்புக் கால்கூட அதிர்ந்தது. இந்த வீட்டுப் பெண்ணிடம் இவ்வளவு சத்தம் இருந்ததா?

"தப்பு வந்தாலும் நிக்கல பாருங்க, குழுவுல வாசிக்க அதுதான் வேணும்" என்றார் டீச்சர். "தந்தி புதுசு போலயே? வாசிக்க வாசிக்க இன்னும் நல்லா பேசும்."

அக்கா எழுந்தே விட்டாள். "வாசிச்சா நல்லாகுமா? தேயாதா? இத கடைக்காரர் சொல்லவே இல்லையே!"

டீச்சர் குழுவின் பதிவேட்டைத் தங்கைப் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போடச் சொன்னார். தங்கையிடம் பேனா இல்லை. அக்கா கைப்பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். புதுப் பேனா. எழுதவில்லை. முனையில் கடையில் வைத்த மெழுகுப் பொட்டு அப்படியே இருந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. சிரித்து முடித்ததும் உங்கள் மேசை இழுப்பறையைத் திறந்து, யாரோ உங்களுக்குப் பரிசாகக் கொடுத்த அந்தப் பேனாவை எடுத்து முனையைப் பாருங்கள். அவசரமில்லை, நல்ல நாள் பார்த்தே பாருங்கள்.

அக்கா மெழுகை நகத்தால் சுரண்டி எறிந்தாள். செல்லோ என்று எழுதியிருந்த வரிக்கு நேரே தங்கை முதல்முறையாகத் தன் பெயரைக் கையெழுத்திட்டாள்: மார்ச் 14, சனிக்கிழமை.