தொம்மலூரில் விழுந்த நெருப்பு

தொம்மலூருக்கு வந்த பாக்கியத்தைக் கேளுங்கள்! அரண்மனைக்கே கிடைக்காத பாக்கியம். அக்கினி அம்மன் வானத்திலிருந்து நேராகச் சின்னப்பாவின் பட்டறையில் இறங்கிவிட்டாள். போன வாரம்வரை வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப்பட்டா அடித்தவர், இப்போது ஒரு கறுப்புக் கல்லுக்குக் கற்பூரம் காட்டினார். வரிசை தெருமுனை தாண்டியது. காணிக்கைக் கோழிகள் கொல்லைப்புறம் போய்க் குழம்பாயின. அம்மனுக்குப் பசி அதிகம்.

முதல் சாட்சி நம் சரசுதான். பொழுது சாயும் நேரம் கொடியில் துணி எடுக்கும்போது, பச்சை நெருப்புருண்டை வால் நீட்டிப் போனதைப் பார்த்தவள். மறுநாள் குழாயடியில் ஒருத்தி, "ரஷ்யாக்காரன் விட்ட ராக்கெட்டாமே, எங்க விழுந்துச்சுக்கா?" என்றாள்.

தெரியாது என்று சொல்ல நாக்கு வரவில்லை. "இதோ, பக்கத்துலதான்!"

சாயங்காலமே சின்னப்பா கல்லோடு வந்தார். "ஔதாம்மா, ஆமாம்மா, என் பட்டறைலதான்!" சரசுவுக்கு முன்வரிசையில் பாய் கிடைத்தது. பாயின் சுகத்தில் அவள், காய்ச்சலில் கிடந்த மகள் சரளாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. கல் கழுவிய தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தாள்.

"அம்மா, வயித்தப் பொரட்டுது."

"அம்மன் உள்ள எறங்குறாடி. பொறுத்துக்கோ."

பக்கத்து வீட்டு ஓஸ்வால்ட், ரயில்வேக்காரர், எரிகல் போன திசையைக் குறித்துக் காலேஜ் வாத்தியார் ஒருவருக்கு அனுப்ப அலைந்தார். "சரசக்கா, அன்னைக்கு நின்ன எடத்துல நின்னு, பாத்த பக்கம் கை நீட்டுங்க."

பட்டறைக் கூட்டம் வந்து பார்க்க, சரசு கொடியடியில் நின்று பெருமையாகக் கை நீட்டினாள். பொழுது இறங்கும் பக்கம். ஓஸ்வால்ட் தரையில் சாக்பீஸால் அம்பு போட்டார்.

பஸ் கண்டக்டர் அசோகனும் அதே பக்கம் நீட்டினான். "சிவாஜிநகர்ல நின்னேன். கறிமார்க்கெட் பின்னால விழுந்துச்சுன்னாங்க."

ஹெப்பகோடியிலிருந்து வந்திருந்த சரசுவின் நாத்தனார் யசோதாவும் மேற்கேதான் காட்டினாள். "எங்க ஏரிலல்ல விழுந்துச்சு! அங்கயும் ஒருத்தர் கல்லு வச்சிருக்காரே!"

"தூரத்துல போனது எல்லாருக்கும் பக்கத்துத் தெரு மாதிரிதான் தெரியும்," என்றார் ஓஸ்வால்ட். "சரி, சின்னப்பா பட்டறை எங்க?"

எல்லோரும் திரும்பினார்கள். சரசுவின் முதுகுக்குப் பின்னால், கிழக்கே.

"ஏக்கா, முதுகுல கண்ணா உனக்கு?" என்றாள் குழாயடியில் கேட்டவள்.

"இல்லடி," என்றாள் சரசு. "எனக்குக் கண்ணு வாய்லல்ல இருந்துச்சு!"

கூட்டத்தைத் தேடி வந்த சின்னப்பா அலறினார்: "அம்மன் சுத்தி வந்து எறங்கினா!"

"பஸ் மாறியா?" என்றான் அசோகன்.

அவர் பின்னாலேயே பட்டறையிலிருந்து அவர் பெண்சாதி கோழி இறகோடு வந்தாள். "உலைல வழிச்செறியற இரும்புக் கசடுங்க அது! கோழி உரிச்சே என் வெரல் போச்சு, எல்லாம் வீட்டுக்குப் போங்க!"

சின்னப்பா ஓடியதைப் பார்க்கச் சரசு நிற்கவில்லை. சரளாவை ஜட்கா வண்டியில் ஏற்றினாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "கசடுத் தண்ணியா? யாரு குடிக்கச் சொன்னது?" என்று சீறினார்.

"நான்தாம்மா. பெத்தவ."

பிழைத்தாள் சரளா. அடுத்த வாரம் வேறெங்கோ வேறொன்று இறங்கும். கும்பிடக் கை கூப்புமுன், அதே கையை நீட்டி, எந்தப் பக்கம் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள், தாய்மாரே!