குளத்தில் தரைதட்டிய கிரேக்கக் கப்பல்

சரித்திர வாத்தியார்களுக்கு இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் எந்தக் காற்றில் யார் கப்பல் விட்டார்கள் என்பது தெரியும். பக்கத்துக் குளத்தில் மடையை எப்போது திறப்பார்கள் என்பது தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

திருவிதாங்கூர்-கொச்சி சர்க்கார் நாட்கள். நாகர்கோவிலுக்கு அருகே ஒரு பள்ளிக்கூடத்தில் நான் புது வாத்தியார். மிளகு வாங்கக் குமரிக்கு வந்துபோன கிரேக்க மாலுமிகளைப் பற்றி ஓர் இசை நாடகம் எழுதினேன். அதை மேடையில் போட மனம் ஒப்பவில்லை (இளமைத் திமிர், வேறென்ன?). பார்க்க வருகிறவர்களே கப்பலில் ஏற வேண்டும். கப்பல் குளத்தைச் சுற்றிவர, ஒரு கரையில் ஆர்மோனியத்தோடு புயல் பாட்டு. கடைசியில் படித்துறையில், ஊர் திரும்பும் மாலுமியை அவன் மனைவி வரவேற்கும் பாட்டு.

மனைவியாகப் பாடியவள் பாட்டு டீச்சர் ராஜம். நிஜத்திலும் அவளே எனக்கு மனைவியாக வேண்டும் என்பதுதான் நாடகத்தின் உள்நோக்கம். ஆனால் அவள் அப்பா தங்கசாமி, வயல்காரர், "படிச்ச பையன்தான். ஒரு காரியத்த நடத்தி முடிப்பானா?" என்று கேட்டிருந்தார். நடத்திக் காட்டுவதற்காகவே அவரையும் ஹெட்மாஸ்டரையும் கப்பலில் ஏற்றினேன்.

கப்பல் என்றால் தார்ப் பீப்பாய்களின் மேல் பலகை அடித்த தெப்பம். பாய்மரத்தில் போர்வை, என் தலையில் கமுகம்பாளைக் கிரீடம், கையில் தெப்பம் தள்ளும் கழை. கரையில் இருந்தவர்களுக்கு ஒரே கட்டளை: கப்பல் தாண்டிப் போகும்வரை பாட்டை நிறுத்தக்கூடாது.

புயல் கரைக்கு முன்னால் கப்பல் நின்றுவிட்டது. கழையை ஊன்றினேன், சேறு அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. படித்துறையில் காலையில் காணாத படிகளெல்லாம் தெரிந்தன.

தங்கசாமி நிதானமாக வெற்றிலை மடித்தார். "இண்ணைக்கு வயலுக்கு முறைத்தண்ணியில்லா? உச்சைக்கே மடை தொறந்தாச்சு. ஊருக்கே தெரியும். உமக்கும் தெரியுமிண்ணு நெனச்சேன்."

(நான் யாரிடம் கேட்டேன்? குளம் நிறைந்து கிடந்ததைப் பார்த்து நாள் குறித்தவன்.)

"மடைய அடைக்கச் சொல்லி விளியும்வே!" என்று ஹெட்மாஸ்டர் சீறினார். "இப்பமே அடைச்சா தள்ளியாவது கரை சேரலாம்."

அடைக்கச் சொல்ல வாயைத் திறந்தவன், ஏனோ, "இன்னைக்கு யார் முறை?" என்று கேட்டேன்.

"எனக்க முறை," என்றார் தங்கசாமி. "கடைமடை வயலு. கதிரு பால் பிடிக்க நேரம்." என்னையே பார்த்தார்.

ஹெட்மாஸ்டரும் என்னையே பார்த்தார். என் வேலை அவர் கையில் இருந்தது.

"மடைய அடைக்காதீங்க!" என்று கரையைப் பார்த்துக் கத்தினேன்.

புயல் கோஷ்டி கட்டளையை மீறவில்லை. அசையாத கப்பலின் மேல் பொழுது சாயும்வரை புயல் அடித்தது. கடைசியில் தங்கசாமியின் உழவு எருமைகள் வந்து எங்களை இழுத்துப்போயின. எருமை பூட்டி ஊர் திரும்பிய கிரேக்கன் சரித்திரத்தில் நான் ஒருவன்தான். படித்துறையில் ராஜம் தொண்டை கட்டிப்போய், அப்போதும் பாடிக்கொண்டிருந்தாள். அழுகையே வந்துவிட்டது எனக்கு.

மறுவருஷம் வராதீர் என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார் (அவர் செருப்பு ஒன்று இன்னும் அந்தச் சேற்றில்தான் இருக்கிறது). கருங்கல் என்ற ஊரில் வேறு வேலை கிடைத்தது. கும்பப்பூ நெல் அறுவடை முடிந்ததும் தங்கசாமி எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"பையனுக்குக் காரியம் நடத்தத் தெரியல்ல," என்றார் என் அப்பாவிடம். "ஆனா தண்ணிக்க அருமை தெரியுது. அது போரும். மத்ததெல்லாம் எனக்க மொவ நடத்துவா."

நடத்துகிறாள். நான் சந்தைக்குப் போய்த் திரும்ப நேரமானால் வாசலில் நின்று இன்றும் ஒரே கேள்விதான்:

"என்ன, தரை தட்டிட்டா? எருமைய அனுப்பட்டா?"