கரண்ட் பில் கட்டும் சனிக்கிழமை

தலை குறையக் குறைய வால் வளரும். கால்கள் நூறு உண்டு, ஆனால் எந்த ஊருக்கும் போய்ச் சேராது. தலை இருக்கும் இடத்தில் ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கும். அது என்ன?

பாம்பு இல்லை, ரயிலும் இல்லை. பில் கட்ட நிற்பவர்களின் வரிசை.

குண்டசாலையில் இருக்கும் ஜமால்தீன் சேருக்கு அந்த வரிசையின் மேல் அளவில்லாத நன்றி. மாதத்தில் ஒரு சனிக்கிழமை கரண்ட் பில் கட்டவென்று அவர் கண்டிக்குப் பஸ் ஏறுவார். வரிசையில் நின்று பில்லைக் கட்டிய பிறகு வருவதுதான் உண்மையான சனிக்கிழமை. கூட்டாளி ஹபீல் வாவிக்கரையில் காத்திருப்பார். இருவரும் ஒரு ஹோட்டலில் சூடான ரோல்ஸும் பிளேன்டீயும் எடுத்து, கிரிக்கெட் அணியைக் கலைத்துப் புதிதாகத் தெரிவு செய்துவிட்டுத்தான் எழும்புவார்கள். மற்ற நாளெல்லாம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கும் மனிதருக்கு இது ஒன்றுதான் கணக்கில் வராத நாள்.

அந்த நாளுக்குத்தான் ஆபத்து வந்தது. வீட்டுச் செலவு பார்க்க அவருடைய கணினியில் ஒரு பழைய மென்பொருள் இருந்தது. திறக்கும்போதெல்லாம், புதிய பதிப்பு வந்திருக்கிறது, மாற்றவா என்று கேட்கும். புதியதில் வீட்டிலிருந்தே பில்லும் கட்டலாம். சேர் 'பிறகு' என்ற பொத்தானை அழுத்துவார். மனைவி பஸீஹா அதைப் பார்த்துவிட்டாள்.

"இஞ்ச பாருங்க, எல்லாரும் போன்லதான் கட்டுறாங்க. நீங்க மட்டும் என்னத்துக்கு வெயில்ல காயிற?"

"புதுசு வந்த உடனே பாயக் கூடாது பஸீஹா. முதல்ல மத்தவங்க இறங்கிப் பாக்கட்டும். ஆத்துல கல்லு எங்க ஈக்கிண்டு தெரிஞ்ச பொறகு நாம இறங்குவோம்."

"எப்ப தெரியும்?"

"காலம் வந்தா தெரியும்."

உண்மையில் அந்தக் காலம் வந்து போய்விட்டது. சேர் யாருக்கும் தெரியாமல் புதிய பதிப்பைத் தன் போனில் போட்டிருந்தார். கணினியில் இருந்த பழையது வெறும் திரைச்சீலை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் மதிலோரம் நின்று பில்லைக் கட்டிவிடுவார். வரிசையில் போகும் நேரமும் மிச்சம். சனிக்கிழமை முழுசாக ரோல்ஸுக்குச் சொந்தம். இப்படி ஒரு மூளையைத் தந்ததற்காக அல்லாஹ்வுக்கு நன்றியும் சொல்லிக்கொண்டார்.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டார். அவர் குடியிருப்பது பஸீஹாவின் வாப்பா மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. கரண்ட் கணக்கு பஸீஹாவின் பெயரில், அவளுடைய போன் இலக்கத்தோடு இருந்தது. பள்ளிவாசல் மதிலோரம் சேர் பணம் கட்டிய அதே நிமிடம், குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த பஸீஹாவின் போனில் 'பணம் கிடைத்தது, நன்றி' என்ற செய்தி வந்து விழுந்தது.

மறுநாள் பின்னேரம் சேர் களைத்தவர்போல வீட்டுக்கு வந்து கதிரையில் சாய்ந்தார். இன்று வரிசை வீதி வரைக்கும் நீண்டிருந்தது என்றார். பஸீஹா பாவம் பார்த்து இஞ்சித் தண்ணீர் கொடுத்தாள். அடுத்த மாதம் வரிசை பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நீண்டது. அவள் காலுக்கு எண்ணெய் தடவிவிட்டாள். அதற்கடுத்த மாதம் ஒரு வயதானவர் வரிசையிலேயே மயங்கி விழுந்ததாகச் சேர் சொன்னபோது, பஸீஹாவின் கண் கலங்கிவிட்டது. நாலாவது மாதம் வெள்ளிக்கிழமை இரவு அவளே பேச்செடுத்தாள்.

"தனிய எவ்வளவு காலத்துக்குத்தான் நிப்பீங்க? நாளைக்கு நானும் கைரியாவும் வாறோம். மாறி மாறி நிப்போம்."

மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகள் கைரியா உடனே காலுக்குப் போடச் சப்பாத்தைத் தேடத் தொடங்கினாள். சேருக்கு வியர்த்தது. பில்லை மத்தியானமே கட்டியாகிவிட்டதே.

கண்டியில் பில் கட்டும் இடத்தில் மொத்தமே நான்கைந்து பேர்தான் நின்றார்கள். வீதி வரைக்கும் நீண்ட வால் எங்கே என்று கைரியா கேட்டாள். இன்றைக்கு அதிர்ஷ்டம் என்றார் சேர். பின்னால் ஒருவர் வந்தால், "நீங்க முன்னுக்குப் போங்க" என்று வழிவிட்டார். அடுத்து வந்தவருக்கும் வழிவிட்டார். இப்படி வந்தவர்களெல்லாம் போய்த் தீர, அவர் மட்டும் மிஞ்சினார். இனி வழிவிட ஆள் இல்லை.

ஜன்னலுக்குள் இருந்த பெண் பில்லை வாங்கிப் பார்த்துவிட்டு, இது நேற்றே கட்டப்பட்டிருக்கிறதே என்றாள்.

சேர் பில்லைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார். பஸீஹாதான் முன்னால் வந்தாள்.

"தெரியும் மிஸ். போன்ல கட்டினாலும் காசு வந்து சேந்திச்சாண்டு நேர்ல கேட்டாத்தான் இவருக்கு நிம்மதி. அவ்வளவு பொறுப்பான மனிசன்."

அந்தப் பெண் சேரை மரியாதையோடு பார்த்துப் புன்னகைத்தாள். வெளியே வந்ததும் பஸீஹா தன் போனைக் காட்டினாள். மாதாமாதம் வெள்ளிக்கிழமையில் வந்த செய்திகள் வரிசையாக நின்றன.

"முதல் மாசமே தெரியுமா?" என்றார் சேர்.

"தெரியும்."

"பொறகு ஏன் செல்லல்ல?"

"சனிக்கிழமை வீட்டுக்கு வாற நேரம் உங்கட முகம் நல்லா ஈந்திச்சி. அதக் கெடுக்க மனசு வரல்ல."

சேர் நினைத்துப் பார்த்தார். ஜன்னல் முன்னால் மானத்தைக் காப்பாற்றினாள். இஞ்சித் தண்ணீர் தந்தாள், எண்ணெய் தடவினாள், எல்லாம் தெரிந்தே. இப்படி ஒருத்தி வாய்த்ததற்கு என்ன கைம்மாறு செய்வது? அதை வாய்விட்டே கேட்டுவிட்டார்.

பெரிதாக ஒன்றும் வேண்டாம் என்றாள் பஸீஹா. வீடும் பில்லும் தன் பெயரில் இருக்க, சனிக்கிழமை மட்டும் ஏன் அவர் பெயரில் இருக்க வேண்டும்? இனி மாதாமாதம் டவுனுக்கு யார் வருவது, யார் வீட்டில் நின்று சமைப்பது என்பதை நியாயமாகத் தீர்ப்போம். நீங்களும் வேண்டாம், நானும் வேண்டாம், பிள்ளை சொல்லட்டும் என்றாள்.

சேர் மனம் குளிர்ந்து சம்மதித்தார். மகள் எப்போதும் வாப்பாவின் பக்கம் என்பது ஊருக்கே தெரியும். குனிந்து, வாப்பா வரவா, உம்மா வரவா என்று அவரே கேட்டார்.

தானும் உம்மாவும் வருவதாகவும், வாப்பா வீட்டில் இருந்து பில் கட்டட்டும் என்றும் கைரியா சொன்னாள்.