தோடையடியில் ஒரு தகடு

வட்டக்கச்சிக் குடியேற்றத்தில் 1963ஆம் ஆண்டு மாரி முடிந்த கையோடு ஒரு மகான் வந்திறங்கினார். பெயர் சிற்றம்பலம். சனம் அவரை வேர்ச்சாமி என்றது. ஆரஞ்சு காய்க்கிற தோடை மரம் பட்டுப்போனால் அது யாரோ செய்த செய்வினைதான் என்று சாமி கண்டுபிடித்திருந்தார். மரத்தடியைக் கிண்டுவார், மந்திரம் கீறிய தகடொன்றை எடுப்பார், மரம் தளிர்க்கும். கூலி பெரிதில்லை, மரத்துக்கு ஒரு மூடை நெல்லும் ஒரு சேவலும்தான். பரந்தனிலிருந்துகூட வண்டில் கட்டிக்கொண்டு வந்தார்கள். நானும் ஒரு சேவல் கொடுத்தேன். அதைச் சொல்லாமல் விடலாம் என்றுதான் இருந்தேன்.

மரங்களுக்கு நோய் வந்தது உண்மை. அடிப்பட்டை கறுத்து அழுகி, பிசின் வடிந்து, இலை மஞ்சளாகிக் கொட்டியது. அந்தப் பிசின் மரம் விடுகிற கண்ணீர் என்றார் சாமி. கேட்டு நின்ற வாய்க்கால் ஓவசியரே மூக்கைச் சிந்தினார்.

கமலாசனியின் வளவில் ஆறு தோடை. மூன்று பட்டுவிட்டன. சாமி நாலாவதின் அடியைக் கிண்டித் தகட்டை எடுத்தார். யார் செய்தது என்று கேட்டதற்குக் கண்ணை மூடி, "கிழக்கு வளவுக்காரி" என்றார்.

கிழக்கு வளவில் இருந்தவள் நேசமலர். அந்தத் தோடங்கன்றுகளைக் கொடுத்ததே அவள்தான். சனத்துக்கு வேறென்ன வேணும்? வாய்க்கால் ஓரமாக வரிசைக்கு வெட்டிக் கொடுத்த வளவுகளில் எல்லாருக்கும் கிழக்கே ஒருவர், மேற்கே ஒருவர் இருப்பார் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. நேசமலருக்குக் கிணறு கிடையாது, கமலாசனியின் கிணற்றில்தான் அள்ளுவாள். அன்றே கமலாசனி துலாக்கயிற்றைக் கழற்றி வீட்டுக்குள் வைத்தாள். நேசமலரின் பிள்ளைகள் வாய்க்கால் தண்ணீர் குடித்தன. சின்னவளுக்கு வயிற்றோட்டம் பிடித்துப் பிழைத்தது அருந்தப்பு. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். இன்றைக்கும் நினைக்க வெட்கமாக இருக்கிறது.

நேசமலர் அழுதுகொண்டு இருக்கவில்லை. சாமி கிண்டிய மரம் தளிர்த்ததை அவளும் கண்டாள். தகடு எடுத்ததால் தளிர்த்ததா, மண் எடுத்ததால் தளிர்த்ததா என்று யோசித்தாள். தன் மரமொன்றின் அடியிலிருந்து மண்ணை விலக்கிவிட்டாள். தகடு வரவில்லை, தளிர் வந்தது. இங்கே குடியேறுமுன் யாழ்ப்பாணத்தில் புகையிலைக்கும் வாழைக்கும் அடியில் மண் அணைத்துப் பழகிய கை எங்கள் கை. தோடைக்கும் முழங்கால் உயரத்துக்கு அணைத்தோம், அதன்மேல் வாய்க்காலையும் திறந்துவிட்டோம். பட்டை அழுகாமல் என்ன செய்யும்?

ஒருநாள் காலை கமலாசனியின் படலையடிக்கு வந்தாள் நேசமலர்.

"நான் செய்வினைக்காரி எண்டால் இந்த ஊரை விட்டே போறன், கமலா. அதுக்கு முன்னம் உன்ரை அரிதட்டையும் கொண்டு ஒருக்கால் வா."

இவள் போய்த் தொலைவாள் என்ற ஆசையில் கமலாசனி போனாள். அங்கே ஒரு வெறும் மண்ணெண்ணெய்த் தகரம், ஒரு குவியல் மண், வாடிய ஒரு தேசிக்கன்று, எலுமிச்சைதான். மண் முழுவதையும் கமலாசனியே அரித்தாள். கல் வந்தது, நத்தை ஓடு வந்தது, தகடு வரவில்லை. தன் கையாலேயே தகரத்தை நிரப்பிக் கன்றை நட்டாள். ஒருவருக்கும் மூச்சுக் காட்டக்கூடாது என்று சொல்லிவிட்டு, கன்றைப் பார்க்க வரும்படி சாமிக்கு ஆள் அனுப்பினாள் நேசமலர். சாமி வரும்வரை கமலாசனி தகரத்தை விட்டு அசையவில்லை.

சாமி வந்தார், பின்னால் ஊரே வந்தது. திருநீற்றுப் பைக்குள் கையை விட்டார், பிறகு மண்ணுக்குள் விட்டார். தகடு வந்தது.

"மூண்டு வருஷமாய்ப் புதைஞ்சு கிடந்த பொல்லாத செய்வினை" என்றார்.

"ஆர் சாமி செய்தது?" நேசமலர் வெகு பணிவாகக் கேட்டாள்.

நூறு வளவு கண்டவருக்கு எந்த முகம் எந்த வளவு என்று நினைவிருக்குமா? கண்ணை மூடினார்.

"மேற்கு வளவுக்காரி."

மேற்கு வளவுக்காரி அவருக்குப் பக்கத்தில்தான் நின்றாள்.

"இந்த மண்ணை இண்டைக்குக் காலமை அரிச்சது நான்" என்றாள் கமலாசனி. "என்ரை கையாலை அரிச்சனான்."

சொன்னதோடு நிற்கவில்லை, திருநீற்றுப் பையையும் பறித்துக் கொட்டினாள். பொலபொலவென்று தகடுகள். முன்பக்கம் மந்திரம், பின்பக்கம் பால்மாத் தகரப் பேணியின் மாட்டுப்படம். சாமி வாய்க்கால் கட்டால் எடுத்த ஓட்டத்தில் ஒரு செருப்பை விட்டுவிட்டுப் போனார். என் சேவலுக்கு ஈடாக அதை நான் எடுத்துக்கொண்டேன்.

கமலாசனி வீட்டுக்குப் போய்த் துலாவில் கயிற்றைக் கட்டினாள். முதல் வாளியை அவளே அள்ளி நேசமலரின் குசினி அடுப்படியில் கொண்டுபோய் வைத்தாள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. நேசமலரும் கேட்கச் சொல்லவில்லை, மிச்ச மரங்களின் மண்ணைப் பொழுதுபட முன்னம் எடுத்துவிடச் சொன்னாள்.

அன்று பின்னேரம் ஊர் முழுக்க மண்வெட்டிச் சத்தம். தோடையடி மண்ணை எடுத்துவிட்டோம். எங்கள் தலையைச் சுற்றி நாங்களே அணைத்து வைத்திருக்கிறோமே மண், அதை எடுக்க எந்தச் சாமியும் வரமாட்டார். மண்வெட்டி எங்கள் கையில்தான் இருக்கிறது.